கடைசி வரியில் பயம்

எழுதத் தெரிந்தவர்கள் முதலில் என்னை மன்னிக்க வேண்டும். நான் பத்தாம் வகுப்பு வரை படித்தவன். இதுவரை நான் எழுதியதெல்லாம் வண்டிகளின் மேல்தான். நம்பர் பிளேட் எழுதுவேன், கண்ணாடிக்கு ஸ்டிக்கர் ஒட்டுவேன், ஆட்டோவின் முதுகில் பிள்ளைகளின் பேரை எழுதிக் கொடுப்பேன். அங்கே நாலு வார்த்தைக்கு மேல் இடம் இருக்காது. ஆட்கள் முன்னால் பேசவும் எனக்கு வராது. அப்படிப்பட்டவன் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்தது அதிகப்பிரசங்கித்தனம்தான். ஆனாலும் ஒருவரைப் பற்றி யாராவது எழுதிவைக்க வேண்டும் என்று தோன்றிக்கொண்டே இருந்தது. வேறு யாரும் எழுதுவதாகத் தெரியவில்லை.

அவர் பேரை எழுதப் போவதில்லை. எழுதினால் அவருக்குப் பிடிக்காது. நான் அக்கா என்று கூப்பிடுவேன். ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு வருகிறவர்கள் இன்சூரன்ஸ் அக்கா என்பார்கள். வண்டி விற்கிறவர்கள் முதுகுக்குப் பின்னால் 'வேண்டாம் அக்கா' என்பார்கள். அவரிடம் கணக்குக் கேட்கப் போனவர்களில் பாதிப்பேர் வண்டியே வேண்டாம் என்று திரும்பிப் போனதால் வந்த பேர் அது.

தூத்துக்குடியில் ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு எதிர்வரிசையில் என் கடை. அதில் பாதி இடத்தை அக்காவுக்கு வாடகைக்கு விட்டிருந்தேன். ஒரு மேஜை, இரண்டு ஸ்டூல், சுவரில் ஒரு தினக் காலண்டர். நாசரேத் பக்கத்திலிருந்து வந்தவர். மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவர் என்பது கையெழுத்தைப் பார்த்தாலே தெரியும். இன்சூரன்ஸ் போட்டுக் கொடுப்பார், ஃபாரம் நிரப்பிக் கொடுப்பார். ஆனால் ஜனங்கள் தேடி வந்தது வேறொன்றுக்கு. ஒரு வண்டியை வாங்கினால் மொத்தம் என்ன செலவாகும் என்று அவர் சொல்வார்.

காலண்டரில் கிழித்த தாளை அவர் எறிய மாட்டார். அதன் பின்பக்கத்தில்தான் கணக்கு. ஒரு வண்டிக்கு ஒரு தாள். பதிவுக் கட்டணம், சாலை வரி, இன்சூரன்ஸ் என்று மேலே தொடங்கும். பிறகு வண்டி விற்கிறவர் யாரும் சொல்லாதவை வரும். பழைய வண்டியென்றால் பசுமை வரி. தகுதிச் சான்றுக்கு, அதாவது எஃப்.சி.க்கு, காட்டுவதற்கு முன்னால் அடிக்க வேண்டிய பெயின்ட். ஆபீசுக்கு வந்து நிற்கும் நாளின் கூலி இழப்பு. சக்கரத்துக்கு வைக்க நாலு எலுமிச்சம்பழம். எல்லாவற்றுக்கும் கீழே, கடைசி வரியில், 'பயம்' என்று எழுதி அதற்கு நேரே ஒரு தொகை போடுவார்.

அது என்ன பயம் என்று கேட்காத ஆள் கிடையாது. அக்கா எல்லோருக்கும் ஒரே பதிலைத்தான் சொல்வார். "தெரிஞ்சதெல்லாம் மேல எழுதியாச்சு. தெரியாதது ஒண்ணு வரும்லா, அதுக்கு."

பயத்துக்குமா துட்டு கட்டணும் என்று சிரிப்பார்கள். அக்கா சிரிக்க மாட்டார். அந்த வரியையும் சேர்த்துக் கூட்டி, மொத்தத்தின் அடியில் இரண்டு கோடு போட்டுக் கொடுத்துவிடுவார்.

கணக்கு எழுதுவதற்கு முன்னால் வண்டிக்குள் போய்க் கொஞ்ச நேரம் உட்கார வேண்டும் அவருக்கு. நிற்கிற வண்டியில்தான். பின்சீட்டில் குடையை மடியில் வைத்துக்கொண்டு ஐந்து நிமிஷம் பேசாமல் இருப்பார். என்னென்ன கெட்டுப்போகும் என்று உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியுமாம்.

ஒருமுறை வண்டி விற்பனைக் கடையிலிருந்து ஒரு பையன் சண்டைக்கு வந்தான். மூன்று வாரம் அலைந்து பிடித்த ஆளை அக்கா ஒரே தாளில் விரட்டிவிட்டார் என்று அவனுக்குக் கோபம். நான் கடைக்குள் ஸ்டிக்கர் வெட்டுவதுபோலக் குனிந்துகொண்டேன். அக்கா அவன் கத்தி முடிக்கும்வரை இருந்துவிட்டு, வெளியே நின்ற அவன் பைக்கின் நம்பரைப் போனில் தட்டினார். இன்சூரன்ஸ் முடிந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. "இங்கன ஒக்காருலே. ஒனக்கும் ஒரு தாளு எழுதுதேன்" என்றார். அவன் உட்கார்ந்தான். அதற்கப்புறம் அவனே ஆட்களை அனுப்பி வைக்க ஆரம்பித்தான். அக்கா சரி என்று சொன்ன ஆள் பாதியில் பின்வாங்க மாட்டார் என்று அவனுக்குப் புரிந்துவிட்டது.

அவரால் எனக்கும் ஒரு நஷ்டம் உண்டு. பழைய கார் ஒன்று வாங்கி என் மாமியார் வீட்டுக்குப் போய் இறங்க வேண்டும் என்று என் மனைவிக்கு ஆசை. நான் அக்காவிடம் தாள் கேட்டேன். எழுதிக் கொடுத்தார். கார் வரவில்லை. என் மனைவி ஒரு மாதம் அவரோடு பேசவில்லை. என்னோடும்தான்.

பிறருக்குத்தான் இந்தக் கணக்கு என்று நினைக்க வேண்டாம். அவர் தினமும் டவுன் பஸ்ஸில்தான் வருவார். ஒவ்வொரு ஜனவரியிலும் தனக்கு ஒரு ஸ்கூட்டர் வாங்க ஒரு தாள் எழுதுவார். மேலே உள்ள வரிகளெல்லாம் அவரால் தாங்கக்கூடியவைதான். கடைசி வரியில்தான் நின்றுவிடுவார். மற்றவர்களுக்குப் போடுவதைப்போல நாலு மடங்கு அங்கே போட்டிருப்பார். தாளை மடித்து கைப்பையில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விடுவார். அப்படிப் பதினோரு தாள் பார்த்திருக்கிறேன். எதைக் கண்டு அவ்வளவு பயம் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவர் கணவர் லாரி வைத்திருந்தார் என்றும், அந்த லாரியோடு எல்லாம் போயிற்று என்றும் வேறு யாரோ சொல்லிக் கேட்டதுதான். அவராக ஒன்றும் சொன்னதில்லை.

இப்போது சொல்ல வந்ததைச் சொல்கிறேன்.

ஒரு சித்திரை மாதம், வெயிலில் உயரமான ஒரு பெரியவர் கடைக்கு முன்னால் வந்து நின்றார். எழுபது வயது இருக்கும். தோணித் தண்டல். எங்கள் துறைமுகத்திலிருந்து கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கு ஏற்றிப் போகும் மரக்கப்பலைத் தோணி என்போம். அதை நடத்துகிறவர் தண்டல். அவர் தோணியில் தனக்கிருந்த பங்கை விற்று, ஒரு பள்ளிக்கூடம் கழித்துவிட்ட பழைய வேனை வாங்கியிருந்தார். அதற்குள் வீடு வைக்க வேண்டுமாம். கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, கக்கூஸ். அப்படி ஒரு வண்டி வைத்துக்கொள்ள அரசாங்கத்துக்கு என்ன கட்ட வேண்டும், இன்சூரன்சுக்கு என்ன கட்ட வேண்டும் என்று கேட்டார்.

"வாங்கதுக்கு முன்னால கேக்கணும் அண்ணாச்சி. வாங்கிட்டா கேக்கது?" என்றார் அக்கா.

"கடல்கிட்ட கேட்டுட்டா எம்மா தோணி வாங்குனோம்" என்றார் தண்டல்.

அக்கா குடையை எடுத்துக்கொண்டு வேனைப் பார்க்கப் போனார். சீட்டுகளையெல்லாம் தண்டல் ஏற்கெனவே கழற்றி எறிந்திருந்தார். மஞ்சள் கூடு மட்டும்தான் நின்றது. அக்கா தரையில் பேப்பரை விரித்து உட்கார்ந்தார். யாருக்காக இதெல்லாம் என்று கேட்டார். வீட்டுக்காரிக்கு என்றார் தண்டல். அவரையும் கூட்டி வாருங்கள், கேட்போம் என்றார் அக்கா. தண்டல் தரையைப் பார்த்தார். "அவ வர மாட்டா" என்றார்.

அன்று சாயங்காலம் நான்கு மணிக்கு அக்கா பஸ்ஸிலும் நான் ஸ்கூட்டரிலும் தண்டல் வீட்டுக்குப் போனோம். கடற்கரைப் பக்கத்துச் சின்ன வீடு. தண்டலின் மனைவி கனத்த உடம்பு, சிரித்த முகம். அக்காவை அடுப்படிக்குக் கூட்டிப் போனார். தண்டலும் நானும் வாசலில் நின்றோம். பேசத் தெரியாத நான், அவரோடு சேர்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முக்கால் மணி நேரம் கழித்து அக்கா வெளியே வந்தார். பஸ் ஸ்டாப்பில்தான் விஷயத்தைச் சொன்னார்.

"நாலு வருசமா அவிய வீட்ட விட்டு ஒரு மணி நேரத்துக்கு மேல எங்கயும் போனதில்ல. ஒண்ணுக்கு அடக்க முடியாது. பஸ்ஸுல ஏற முடியாது, கோயில்ல ஒக்கார முடியாது. மக கொல்லத்துல வீடு கட்டிப் பால் காய்ச்சுனா. பெத்தவ போவல."

எனக்குக் காது சூடாகிவிட்டது. அதற்குமுன் ஒரு பெண் என்னிடம் இப்படிப் பேசியதில்லை. அக்கா என் முகத்தைப் பார்த்துவிட்டு, வெட்கப்படுவதற்கு இதில் ஒன்றும் இல்லை, இதைச் சொல்ல முடியாமல்தான் அவர்கள் நாலு வருஷம் உட்கார்ந்திருக்கிறார்கள் என்றார். மாத்திரை பார்த்தாயிற்று, டாக்டர் பார்த்தாயிற்று. கக்கூஸோடு ஒரு வண்டி இருந்தால் அந்த அம்மா மகள் வீட்டுக்குப் போவார். இல்லாவிட்டால் போக மாட்டார். அவ்வளவுதான் விஷயம்.

மறுநாள் அக்கா தாளை எடுத்தார். ஒரு தாளில் அடங்காத வண்டியை அவர் எப்போதும் வேண்டாம் என்றுதான் சொல்வார். இந்த வேனுக்கு ஏழு தாள் ஆயிற்று.

எங்கள் ஊரில் அப்படி ஒரு வண்டியை அதுவரை யாரும் பதிந்ததில்லை. அக்கா தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் போட்டார். முதலில் பள்ளிக்கூடப் பெர்மிட்டை ஒப்படைக்க வேண்டும். பாக்கி வரி இருந்தால் கட்ட வேண்டும். மஞ்சள் போர்டை மாற்றி வெள்ளை போர்டு ஆக்க வேண்டும். வெள்ளை போர்டு என்றால்தான் சொந்த உபயோகத்துக்கு என்று அர்த்தம், கேரளாவுக்கு நாலு நாள் போய்வரத் தொந்தரவு இருக்காது. வேனின் நிறத்தை மாற்றினால் அதை ஆர்.சி. புத்தகத்தில் ஏற்ற வேண்டும். உள்ளே ஒரு ஆணி அடிப்பதற்கு முன்னால் மாற்றம் செய்ய அனுமதி வாங்க வேண்டும். வரிதான் பெரிய குழப்பம். வேனாகவே பார்த்தால் சீட்டுக் கணக்கு, சொந்த வண்டியாகப் பார்த்தால் விலைக் கணக்கு, தனி ரக வண்டி என்று வைத்தால் வேறு கணக்கு. அக்கா மூன்றையும் மூன்று தாளில் போட்டுப் பார்த்து, எது பெரிதோ அதைக் கூட்டலில் சேர்த்தார். இன்சூரன்ஸில் இன்னொரு சிக்கல். வேனுக்குத்தான் காப்பு, உள்ளே இருக்கும் வீட்டுக்கு இல்லை. கட்டிலும் தொட்டியும் அடுப்பும் என்ன விலை என்று பில்லோடு காட்டித் தனியாகச் சேர்க்க வேண்டும். கேஸ் சிலிண்டர் இருந்தால் அதையும் சொல்லியாக வேண்டும், மறைத்தால் பின்னால் ஒன்றும் கிடைக்காது.

எல்லாம் சேர்த்து, வேன் வாங்கிய விலையில் பாதிக்கு மேல் வந்தது. ஏழாவது தாளின் கடைசி வரியில் பயம். அது மட்டும் ஒரு ஸ்கூட்டர் விலை.

தண்டல் கண்ணாடி போட்டு ஏழு தாளையும் வரி வரியாகப் படித்தார். கையில் இருக்கும் பணம் இதற்குச் சரியாக இருக்கும், இதற்கு மேல் ஒரு ரூபாய் போனாலும் வேனை வந்த விலைக்குத் தள்ளிவிட வேண்டியதுதான் என்றார். தாள்களை மடித்து அக்காவிடமே கொடுத்தார். அவர் மட்டும்தான் அந்தக் கடைசி வரி என்ன என்று கேட்கவில்லை. எனக்கு அது அப்போதே உறைத்தது.

அனுமதி வந்தது. ஒரு நிபந்தனையோடு. எல்லாப் பொருளையும் ஏற்றி முடித்தபின் வண்டியின் எடை, அதைச் செய்த கம்பெனி எழுதிக் கொடுத்த எடையைத் தாண்டக் கூடாது. இன்ஸ்பெக்ஷன் அன்று எடைமேடைச் சீட்டைக் காட்ட வேண்டும்.

அக்கா எடையையும் கணக்கில் எடுத்துக்கொண்டார். உப்பு வியாபாரி ஒருவரிடம் மூட்டை நிறுக்கும் தராசை இரவல் வாங்கி, வேனுக்குள் போகிற ஒவ்வொரு பலகையையும் நிறுத்து எழுதச் சொன்னார். அந்த வேலை என்னுடையது. தண்டல் வீட்டு வேலையைத் தோணி கட்டும் ஓடாவிகளிடம் விட்டிருந்தார். நல்ல வேலைக்காரர்கள். ஆனால் இன்சூரன்சுக்கு அவர்கள் எழுதிக் கொடுத்த பில்லில், 'அணியத்தில் கட்டில் ஒன்று' என்று இருந்தது. அணியம் என்றால் தோணியின் முன்பக்கம். இன்சூரன்ஸ் ஆபீஸில் அதைப் படித்தவர் இது வண்டியா கப்பலா என்று போன் செய்து கேட்டார். அக்கா பில்லைத் திருப்பி எழுதி வாங்கினார்.

இன்ஸ்பெக்ஷனுக்கு நாள் கொடுத்தது ஆடி மாதத்தில். எங்கள் ஊர்க் காற்று தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, நடக்கிற ஆளைத் தள்ளும். மதியம் இரண்டு மணிக்குப் பிரேக் இன்ஸ்பெக்டர் பார்ப்பார். காலை பதினோரு மணிக்கு ஹார்பர் ரோட்டில் உள்ள எடைமேடைக்கு வேனைக் கொண்டுபோனோம். தண்டல்தான் ஓட்டினார். வேனுக்கு இப்போது வெள்ளையும் நீலமும் அடித்திருந்தது. உள்ளே கட்டிலில் அவர் மனைவி உட்கார்ந்திருந்தார். ஜன்னல் வழியாக உப்பளத்தைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தார். காலை எட்டு மணிக்கே வீட்டைவிட்டுக் கிளம்பியாயிற்று. நாலு வருஷத்தில் முதல்முறை. பின்னால் என் ஸ்கூட்டர். அதற்கும் பின்னால் ஒரு பஸ்ஸில் அக்கா.

எடைச் சீட்டு வந்தது. அக்காவின் கணக்கைவிட எண்ணூறு கிலோ கூடுதல். கம்பெனி எடையையும் தாண்டிவிட்டது.

அக்காவின் கணக்கு நிஜத்தைவிடக் குறைந்து நான் பார்த்தது அன்றுதான். சீட்டை இரண்டு முறை படித்தார். தாளில் எழுதியிருந்த எடைகளை மறுபடி கூட்டினார். "ஏலே, எல்லாத்தையும் நிறுத்தியா?" என்று கேட்டார். நிறுத்தேன் என்றேன். அக்கா வேனுக்குள் ஏறி, அந்த அம்மாவுக்குப் பக்கத்தில் குடையை மடியில் வைத்து உட்கார்ந்தார். ஐந்து நிமிஷம். பிறகு குடையின் நுனியால் தரையைத் தட்டினார். கதவுப் பக்கம் தட்டினால் தகரச் சத்தம் கேட்டது. கட்டிலடியில் சத்தமே வரவில்லை.

"அண்ணாச்சி, இதுக்கு அடியில என்ன?"

தண்டல் எந்தத் தயக்கமும் இல்லாமல் சொன்னார். "அடிபாரம்."

சரக்கு இல்லாமல் வரும் தோணி காற்றில் புரளும். அதனால் அடித்தட்டில் கல்லும் மணல் மூட்டையும் அடுக்கித்தான் பாய் ஏற்றுவார்கள். அதுதான் அடிபாரம். ஓடாவிகள் பலகை அடிப்பதற்கு முந்தின நாள் தண்டலே கல் வாங்கி, துணி சுற்றி, அசையாமல் அடுக்கியிருக்கிறார். இது சரக்கு இல்லையே, வீட்டுச் சாமானும் இல்லையே, எதற்கு எழுத வேண்டும் என்று நினைத்திருக்கிறார். கல்லை எடுங்கள், இரண்டு மணிக்கு இன்ஸ்பெக்டர் இருக்கிறார் என்றார் அக்கா.

"அது முடியாது எம்மா. அடிபாரம் இல்லாம நான் இவள ஏத்த மாட்டேன்."

அக்கா பொறுமையாகத்தான் பேசினார். இது ரோட்டில் போகிற வண்டி, பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு இத்தனை வருஷம் ஓடியது, யாரும் கல் வைக்கவில்லை என்றார். எடை கூடினால் கையெழுத்துக் கிடைக்காது, கையெழுத்து இல்லாவிட்டால் இன்சூரன்ஸ் இல்லை, இதுவரை கட்டியதெல்லாம் வீண் என்றார். தண்டல் எல்லாவற்றையும் கேட்டார். பிறகு, முப்பது வருஷத்துக்கு முன்னால் கொழும்பிலிருந்து வெறும் தோணியாக ஒருமுறை வந்ததைச் சொன்னார். ஒருநாள் மிச்சமாகுமே என்று கல் ஏற்றவில்லை. தோணி புரண்டதில் கூட வந்த ஒருவர் விழுந்துவிட்டார். தேடியும் கிடைக்கவில்லை. அவர் அதைக் கதையாகச் சொல்லவில்லை. ஒரு விலாசத்தைச் சொல்வதுபோலச் சொன்னார்.

"நான் எம்பத்திரண்டு கிலோ இருக்கேன்" என்றார் கட்டிலில் இருந்த அம்மா. "நான் ஒருத்தி பத்தாதா ஒங்களுக்கு?"

"நீ மேலல்லா ஒக்காந்திருக்க. மேல இருந்தா அது பாரம் இல்ல, ஆட்டம்" என்றார் தண்டல்.

அந்த அம்மா சிரித்தார். ஆனால் கண் ஜன்னலுக்குப் போய்விட்டது. திரும்பி வீட்டுக்குத்தான் போகப் போகிறோம் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது போலிருந்தது. எடைமேடையில் எங்களுக்குப் பின்னால் உப்பு லாரிகள் ஹாரன் அடித்தன. வேனை ஓரமாக உப்பளக் கரைக்கு நகர்த்தினோம்.

அக்கா கீழே இறங்கினார். கைப்பையைத் திறந்து ஏழு தாளையும் எடுத்தார். காற்றில் பறக்காமல் வேனின் பக்கவாட்டில் வைத்துக் கையால் அழுத்திக்கொண்டு, கடைசித் தாளைத் தண்டலிடம் காட்டினார்.

"இந்த வரி எதுக்குன்னு எல்லாரும் கேப்பாவ. நீங்க ஏன் கேக்கல?"

"எல்லாருக்கும் உள்ளதுதானே எம்மா" என்றார் தண்டல்.

அக்கா அந்த வரியை மறுபடி படித்தார். பிறகு பேனாவை எடுத்து, அந்த வரியைக் குறுக்கே அடித்தார். தொகையையும் அடித்தார். கீழே போட்டிருந்த மொத்தத்தையும் அடித்து, அது இல்லாமல் ஒரு மொத்தம் எழுதினார்.

"பதினெட்டு வருசமா இந்த வரி இல்லாம நான் ஒருத்தருக்கும் தாளு குடுத்ததில்ல அண்ணாச்சி. நான் எடுத்துட்டேன். இதுக்கு மேல எதுவும் வந்தா எம்பாடு. ஒங்களுத நீங்க எடுங்க."

தண்டல் தாளை வாங்கிப் படித்தார். அடித்த கோட்டின் மேல் விரலை வைத்துப் பார்த்தார். அப்புறம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உள்ளே போய், மனைவியைக் கையைப் பிடித்து இறக்கி நிழலில் நிறுத்திவிட்டு, கட்டிலடிப் பலகையை நெம்பினார்.

ஒவ்வொரு கல்லாக அவர் எடுத்துக் கொடுக்க நான் வாங்கிக் கரையில் அடுக்கினேன். முக்கால் மணி நேரம் ஆயிற்று. ஒரு கல்லைக்கூட அவர் எறியவில்லை. துணியை அவிழ்த்து மடித்து வைத்துக்கொண்டார். நடுவில் அந்த அம்மா, எனக்கு உள்ளே போக வேண்டும், கொஞ்சம் நகருங்கள் என்றார். நாங்கள் இறங்கி நின்றோம். அவர் ஏறி, கதவைச் சாத்தி, போய்விட்டு வந்து, மறுபடி நிழலில் நின்றார். எனக்கு அன்று காது சூடாகவில்லை.

இரண்டாவது சீட்டில் எடை சரியாக இருந்தது. அக்காவின் கணக்குக்கு ஆறு கிலோ குறைவு. பிரேக் இன்ஸ்பெக்டர் சீட்டைப் பார்த்தார், உள்ளே ஏறிக் குழாயைத் திறந்தார், சிலிண்டர் கட்டியிருக்கும் பட்டையை இழுத்துப் பார்த்தார். தண்டலின் மனைவி அவரிடம் காப்பி போடட்டுமா என்று கேட்டார். அவர் சிரித்துவிட்டு, வேண்டாம்மா, டியூட்டியில் இருக்கேன் என்று கையெழுத்துப் போட்டார்.

அதற்கு மேல் செலவு வராமல் இல்லை. அடுப்புக்காக இன்சூரன்ஸில் இன்னும் கொஞ்சம் கூடக் கேட்டார்கள். நிற மாற்றத்துக்கு ஒரு கட்டணம் விட்டுப்போயிருந்தது. அக்கா தன் கையிலிருந்து கட்டினார். பெரிய தொகை இல்லை. ஆனால் தண்டலுக்குத் தெரியாது. அவரிடம் சொல்லாதே என்றார், நானும் சொல்லவில்லை. இப்போது எழுதியதால்தான் வெளியே வருகிறது. அக்கா இப்போது தங்கச்சி மகள் வீட்டோடு வெளியூருக்குப் போய்விட்டார், கோபித்துக்கொள்ள நேரில் வர மாட்டார் என்ற தைரியம்.

ஆர்.சி. புத்தகம் கைக்கு வந்த வாரம், ஒரு வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு அவர்கள் கிளம்பினார்கள். வெள்ளை போர்டில் நான்தான் நம்பர் எழுதினேன். அக்கா முதல் பஸ்ஸைப் பிடித்து வழியனுப்ப வந்திருந்தார். அந்த அம்மா வேனுக்குள்ளிருந்து கையை நீட்டி, நீங்களும் ஏறுங்கள், கொல்லம் பார்த்துவிட்டு வரலாம் என்று அக்காவின் குடையைப் பிடித்து இழுத்தார். எனக்கு வேலை கிடக்கு என்று அக்கா குடையை விடுவித்துக்கொண்டார். தண்டல் ஸ்டியரிங்கைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுக் கிளப்பினார்.

தெரு முனையில் ஒரு வேகத்தடை. வேன் அதில் ஏறி இறங்கும்போது இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்ந்தது.

"ஆடுது" என்றார் அக்கா.

எல்லா வேனும் அப்படித்தான் அக்கா என்றேன். தெரியும் என்றார். வேன் மறைந்த பிறகும் பஸ் ஸ்டாப்புக்குப் போகாமல் நின்றார். என் ஸ்கூட்டரில் ஏறுங்கள், கடையில் விடுகிறேன் என்று சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை. இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டு மூன்றாவதில் ஏறினார்.

மறுநாள் மதியம் தண்டல் எனக்குப் போன் செய்தார். நேற்றே வந்து சேர்ந்துவிட்டோம், மகள் வீட்டுத் தெரு ரொம்பச் சின்னது, வேன் உள்ளே நுழையவில்லை, மெயின் ரோட்டில் நிறுத்திவிட்டு மெதுவாக நடந்து போனோம் என்றார். அக்காவிடம் சொன்னேன். அவர் ஓர் ஆட்டோவுக்கு இன்சூரன்ஸ் ஃபாரம் நிரப்பிக்கொண்டிருந்தார். சரி என்றார்.